உள்ளே ஒன்று இருக்கும்

பிட்டர் கிரீக், மான்டானா
21 மார்ச் 1993

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

லைல் எழுதுகிறேன். இந்தப் பனியிலும் உன் முழங்கால் மடங்கி நிமிர்கிறதா? என் முதுகுக்குப் பழைய புத்திதான். வேலை என்றால் வலிக்கிறது, மீன்பிடிக்கக் கிளம்பினால் வலி நின்றுவிடுகிறது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் என் பாலையும் வெண்ணெயையும் பின்வாசல் பனிக்குள் புதைத்துவைத்துப் பிழைக்கிறேன். நேற்று ஒரு நரி வெண்ணெயைத் தோண்டித் தின்றுவிட்டது. எங்கள் ஃபிரிட்ஜ் துப்பாக்கிச் சூட்டில் இறந்துவிட்டது, அதனால்தான் இந்தக் கோலம்.

உன் வீட்டுத் தொலைபேசி சாவுச் செய்திக்கு மட்டும் என்று நீ வைத்திருக்கும் சட்டத்தை மதிக்கிறேன். ஃபிரிட்ஜ் அதில் சேருமா என்று தெரியாததால் கடிதம்.

13ஆம் தேதி சனிக்கிழமை காலை நடந்தது. அன்றைக்குத் தீயணைப்புக் கூடத்தில் வருடாந்திரப் பான்கேக் விருந்து. முதுகைச் சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். சமையலறை மேசையில் என் ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கோரா வந்து, "குடு, பாக்கலாம்" என்று எடுத்தாள். இடது கைக்காரி ஆச்சே, அவள் பிடித்த அழகே தனி. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்த மீனைக் குறிபார்த்தாள். தோட்டாக்களை அடுக்கும் மேகசின் கழன்று மேசைமேல் கிடந்தது. அப்படியும் வெடித்தது. குண்டு மீனைத் துளைத்து, கதவைத் துளைத்து, ஊறவைத்த பீட்ரூட் பாட்டிலை உடைத்து, மோட்டாரில் போய் உட்கார்ந்துகொண்டது. தரையெல்லாம் சிவப்புச் சாறு. பார்த்தால் கொலை நடந்த வீடு.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆர்லோ உள்ளே வருகிறான். எங்கள் சுடும் கழகத்தின் தலைவர் அவன்தான் என்பது உனக்குத் தெரியும். கையில் அலுமினியத் தாள் மூடிய தட்டு, விருந்திலிருந்து எனக்குப் பான்கேக். "என்னடா இது?" என்றான். கோரா செய்த வேலை என்றேன். ஆர்லோ தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பீட்ரூட்டைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான் பார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சிவப்பு மேலங்கியும் விசிலும் போட்டுக்கொண்டு பதினைந்து வருடமாகக் கழகத்தில் ஊரையே அதட்டும் பாதுகாப்பு அதிகாரி நான். என் வீட்டில், என் பெண்டாட்டியே ஃபிரிட்ஜைச் சுட்டாள் என்றால் விடுவார்களா? விடாமலிருக்க நானே வழி செய்தேன். வியாழக்கிழமைப் பேப்பரில் நான் வாராவாரம் எழுதும் வேடிக்கைப் பத்தியில் எழுதிவிட்டேன். வெட்டி இணைத்திருக்கிறேன். 'இனி என் சமையலறைக்குள் நுழையும்போது இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டுதான் நுழைவேன்' என்ற முடிவைக் கடைக்காரர்கள்கூட மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை கோரா ஸ்போகேனில் இருக்கும் சித்தி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவாளாம். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. எனக்கு உறுத்துகிறது, அக்கா. கொஞ்சம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாடுகளையெல்லாம் நான் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
லைல்


சேஜ் ஃபிளாட், மான்டானா
2 ஏப்ரல் 1993

தம்பி லைலுக்கு,

முழங்கால் இருக்கிறது. மற்றதெல்லாமும் இருக்கிறது. கன்று ஈனும் காலம், தூங்க நேரமில்லை. நல்ல வேளையாக உதவிக்கு ஓர் ஆள் வந்து சேர்ந்திருக்கிறது.

பத்தி படித்தேன். எழுத்துப் பிழை இல்லை.

நான் எழுதுவது வேறு காரியத்துக்கு. ஒரு கைத்துப்பாக்கி வேண்டும். தோட்டா தானாக ஏறிக்கொள்ளும் வகை. இங்கே சரளைப் பள்ளத்தில் வியாழக்கிழமைகளில் பெண்கள் கூடிக் குறிபார்த்துச் சுடுகிறார்கள், அதற்கு ஆகவேண்டும். வீட்டில் தனியாக இருக்கும்போது கையில் ஒன்று இருக்கவும் வேண்டும். கூப்பிட்டால் ஷெரிஃப் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்பது உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் விட்டுப்போன துப்பாக்கியெல்லாம் நீளக் குழல். தலையணைக்கடியில் நுழையாது.

கை சின்னது. புதிதாகக் கற்றுக்கொள்ளும் கை என்று வைத்துக்கொள். எதை வாங்கலாம்? நீதான் அதிகாரி ஆச்சே.

சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. வெண்ணெயைப் புதைத்தால் மேலே கல் வை.

வெர்னா


பிட்டர் கிரீக்
8 ஏப்ரல் 1993

அன்புள்ள அக்கா,

கன்றுகள் நலமாகப் பிறக்கட்டும். உன் கடிதம் வந்ததும் என் முதுகே நிமிர்ந்துவிட்டது. ஒரு விஷயத்தில் நீ என்னிடம் யோசனை கேட்பது நம் ஆயுளில் இதுதான் முதல் தடவை. பல்லைத் துலக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி. இதில் யோசிக்கவே வேண்டாம். சட்டைப் பையில் அடங்கும் அளவில் ஒன்பது மில்லிமீட்டர் வருகிறது. கனமில்லை. கைப்பையில் உதட்டுச் சாயத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். நீ உதட்டுச் சாயம் பூசுவதில்லை என்பது வேறு விஷயம், மாட்டு ஊசிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள். குறிக்கும் அதுவே, காவலுக்கும் அதுவே. வாங்கியதும் சொல், சுத்தம் செய்வது எப்படி என்று எழுதுகிறேன்.

கோராவிடமிருந்து ஒரு வரி இல்லை. பேப்பர்க்காரர் அடுத்து என்ன என்று கேட்கிறார். என்ன எழுதுவது? சமையலறையில் சத்தமே இல்லை.

சுகம் பற்றி எழுது.

லைல்


சேஜ் ஃபிளாட்
24 ஏப்ரல் 1993

தம்பிக்கு,

எல்லாரும் சுகம். ஒரே ஒரு கன்று போயிற்று.

நீ சொன்னதைக் கடையில் வாங்கிப் பார்க்காமல், இரவலாக எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனோம். சின்னத் துப்பாக்கி கழுதை மாதிரி உதைக்கிறது. இரண்டாவது தடவை சுட்டபோது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோலைக் கடித்துவிட்டது. மேலே நகரும் இரும்பு மூடியான ஸ்லைடைப் பின்னால் இழுப்பதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது. பள்ளத்தில் இருந்த பெண்கள் யார் யோசனை சொன்னது என்று கேட்டார்கள். என் தம்பி என்றேன். "ஆம்பள சொன்னதா, சரிதான். சின்னக் கையப் பாத்தா சின்னதத்தான் எடுத்து நீட்டுவாங்க. கனமா இருந்தாத்தானே உதை குறையும்? அவருக்கு இதுகூடவா தெரியாது?" என்றாள் ஒருத்தி. 

கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிய கையைப் பார்த்தபடி எழுதுகிறேன். மறுபடி யோசி. இந்தத் தடவை கையை நினைத்து யோசி, கைப்பையை நினைத்து யோசிக்காதே.

பனி உருகியிருக்குமே, வெண்ணெயை என்ன செய்கிறாய்?

வெர்னா


பிட்டர் கிரீக்
30 ஏப்ரல் 1993

அன்புள்ள அக்கா,

வீக்கம் வடிந்ததா? பனிக்கட்டித் துண்டைத் துணியில் சுற்றி வை. அந்தப் பெண்மணி சொன்னது சரி, நான் சொன்னது தவறு. பதினைந்து வருடமாகப் புருஷன்மார் தங்கள் பெண்டாட்டிகளுக்கு அந்தக் கடிக்கிற பொம்மையை வாங்கித் தருவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். என் முறை வந்ததும் அதையே செய்தேன்.

இனி ஒழுங்காகச் சொல்கிறேன். முதலில் பாயின்ட் டூ டூ என்கிற சிறு தோட்டாக் குறித் துப்பாக்கி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கு. உதை கிடையாது, தோட்டா மலிவு. கண் சிமிட்டாமல் சுடக் கை பழகட்டும். அதற்கப்புறம் காவலுக்கு முழு அளவு ஒன்பது மில்லிமீட்டர், இரும்பு உடல், கனமானது. கனம்தான் உதையை விழுங்கும். பிடியைப் பிடித்தபடி ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைத் தொடுகிறதா பார், தொடாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வை. ஸ்லைடை இழுக்கப் பலம் வேண்டாம். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கியை மறு கையால் முன்னே தள்ளு. நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துத் தள்ளினால் குழந்தைகூடச் செய்யும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. அடிக்கோடிட்டுப் படி. மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி என்று நினைக்காதே. குழலின் அறைக்குள்ளே ஒன்று இருக்கும். மேகசினைக் கழற்று, ஸ்லைடை இழு, உள்ளே கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டுத் தொட்டுப் பார். இன்னொருவர் கையில் கொடுக்கும்போது திறந்தபடியே காட்டிக் கொடு. வாங்குகிறவர், தன் கண்ணெதிரே காட்டியிருந்தாலும் தானும் ஒரு தடவை பார்க்கவேண்டும். எங்கள் கழகத்தில் இதைச் செய்யாதவனை நான் விசிலடித்து வரிசையிலிருந்து வெளியே அனுப்பிவிடுவேன். ஒரு பாதிரியாரையே அனுப்பியிருக்கிறேன்.

ஸ்போகேனுக்குத் தொலைபேசி போட்டேன். கோரா அங்கே வரவேயில்லையாம். எங்கே போயிருப்பாள்? உனக்கு ஏதாவது எழுதினாளா? நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. ஆனால் கேள்.

சுகம் விசாரித்து,
லைல்


சேஜ் ஃபிளாட்
12 மே 1993

தம்பிக்கு,

வீக்கம் வடிந்தது. மழை வந்தது. புல் வருகிறது.

நீ எழுதியதை அடுக்களை மேசையில் வைத்துச் சத்தமாகப் படித்தோம். நன்றாக எழுதியிருக்கிறாய். அடிக்கோடிட்டதை இரண்டு தடவை படித்தோம். படித்ததும் ஒரு சந்தேகம் வந்தது, கேட்கிறேன். மேகசினைக் கழற்றினாலும் உள்ளே ஒன்று இருக்கும் என்று உனக்கு இவ்வளவு நன்றாகத் தெரியும். இன்னொருவர் கையில் கொடுப்பதென்றால் திறந்து காட்டிக் கொடுக்கவேண்டும் என்றும் தெரியும். அப்படியானால் அந்தச் சனிக்கிழமை கோரா கைக்கு அது எப்படிப் போயிற்று? பாதிரியாருக்கு அடித்த விசில் அன்றைக்கு எங்கே இருந்தது?

அவசரமில்லை, மெதுவாகப் பதில் எழுது.

இன்னொரு சந்தேகம். மேகசினை விடுவிக்கும் பித்தான் துப்பாக்கியின் இடது பக்கத்தில் இருக்கிறது. இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் அதற்கு எட்டமாட்டேனென்கிறது. இடது கைக்காரருக்கு எதை வாங்குவது?

வெர்னா


பிட்டர் கிரீக்
14 ஜூன் 1993

அக்கா,

ஒரு மாதம் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சுகமாக இருப்பாய், உன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இடது கை. நீ வலது கைக்காரி. சின்ன வயதில் என் தலையில் குட்டியதெல்லாம் வலது கையால்தான், குட்டிய இடம்கூட நினைவிருக்கிறது. உன் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஃபிரிட்ஜுக்கு எதிரே உட்கார்ந்தேன். கழுதை உதைத்தது யார் கையை என்று அப்போதுதான் தெரிந்தது. உதவிக்கு வந்த ஆள் யார் என்றும் தெரிந்தது.

உடனே பதில் எழுதினேன். படித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருந்தது, கிழித்துவிட்டேன். இன்னொன்று எழுதினேன். அதில், அவள் கேட்டதால் திறந்து காட்டாமல் கொடுத்துவிட்டேன், தவறு என்னுடையதும்தான் என்று பெருந்தன்மையாக எழுதியிருந்தேன். அந்த 'உம்' என்னையே பார்த்துச் சிரித்தது. அதையும் கிழித்தேன்.

இதைச் சத்தமாகப் படி, அக்கா. அவள் கேட்கட்டும்.

கோரா அன்று சமையலறையில் இல்லை. வீட்டிலேயே இல்லை. முடி வெட்டிக்கொள்ளப் பக்கத்து ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பத்தி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. எழுத ஒன்றும் வராதபோது மனுஷன் எதையாவது துடைக்க ஆரம்பிக்கிறான். கோழிக்கூட்டுப் பக்கம் நரி வருகிறதென்று முந்தின வாரம் நானே தோட்டா ஏற்றி இழுப்பறையில் வைத்திருந்த துப்பாக்கி அது. மேகசினைக் கழற்றினேன். ஸ்லைடை இழுக்கவில்லை. காந்த மீனைக் குறிபார்த்தேன். விசையை அழுத்தியது இந்த வலது கை ஆள்காட்டி விரல். இப்போது பேனாவைப் பிடித்திருப்பதும் இதுதான்.

காது அடைத்துப்போயிற்று. ஆர்லோ தட்டோடு நிற்கிறான். அவன் வாய் அசைவது தெரிகிறது. எனக்கு அப்போது பயம் ஃபிரிட்ஜுக்காக இல்லை, ஆணியில் தொங்கும் சிவப்பு மேலங்கிக்காக. என் வாய் "கோரா" என்று சொன்னது. அவள் திரும்பி வந்து இல்லையென்று மறுத்துவிடுவாளே என்றுகூடத் தோன்றவில்லை. மறுக்கமாட்டாள் என்று எங்கோ தெரிந்திருக்கிறது, பார்.

மத்தியானம் அவள் திரும்பினாள். முடி வெட்டியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. ஓட்டையைப் பார்த்துவிட்டு, "யாருக்காவது அடிபட்டுச்சா?" என்றாள். இல்லையென்றேன். நீ சுட்டதாக ஆர்லோவிடம் சொல்லிவிட்டேன், ரெண்டு நாள் சிரிப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள் என்றேன்.

"நானா?" என்றாள்.

"ஆமா, சும்மா ஒரு பேச்சுக்கு."

துணியை எடுத்து வந்து மண்டியிட்டுப் பீட்ரூட் சாற்றைத் துடைத்தாள். நான் சிந்தியதை அவள் துடைத்தாள். நான் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை பேப்பர் வந்ததும் பத்தியை அவளுக்கே வாசித்துக் காட்டினேன், ஏற்ற இறக்கத்தோடு. முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்க, லைல்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை. அவள் போனபிறகு ஒரு காலை, பால் எடுக்க அவள் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தேன். தினமும் நான் காப்பியோடு மேசையில் உட்கார்ந்திருக்க, அவள் அங்கேதான் நிற்பாள். ஓட்டை என் வயிற்றுக்கு நேராக இருந்தது. அவள் என்னைவிட ஒரு தலை குட்டை. அவளுக்கு அது எங்கே வருமென்று எழுதமாட்டேன்.

இடது கைக்காரருக்கு, பித்தான் இரண்டு பக்கமும் இருக்கிற துப்பாக்கி வருகிறது. அதைக் கேட்டு வாங்கு. காலித் தோட்டாக் கூடு வலது பக்கம் தெறிக்கும், இடது கைக்காரர் முகத்துக்குக் குறுக்கே வரும். கண்ணாடி போடாமல் சுடவிடாதே.

அவள் சாப்பிடுகிறாளா?

லைல்


சேஜ் ஃபிளாட்
22 ஜூன் 1993

தம்பிக்கு,

சாப்பிடுகிறாள். என்னைவிட அதிகம் சாப்பிடுகிறாள். மார்ச்சிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். இருட்டில் முழங்கைவரை உள்ளே விட்டுக் கன்று இழுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். வந்த அன்றே எல்லாவற்றையும் சொன்னாள். நீ எப்போது சொல்வாய் என்று காத்திருந்தோம்.

சத்தமாகப் படித்தேன். பால் எடுக்கும் இடம் வந்ததும் அவள் எழுந்து வெளியே போனாள். கொஞ்ச நேரம் வேலியோரம் நின்றுவிட்டு வந்து, "மிச்சத்தப் படிங்க அண்ணி" என்றாள்.

ஒன்றை நீ கேட்கவேயில்லை. ஃபிரிட்ஜின் கதியைப் பார்த்தவள் துப்பாக்கியைக் கண்டு ஓடாமல் ஏன் துப்பாக்கி கேட்டாள் என்று. நான் கேட்டேன். "நான் சுட்டேன்னு பேப்பர்லயே வந்துடுச்சு. என் ஆயுசுல ஒரு தோட்டா சுட்டதில்ல. ஒரு தடவையாவது சுட்டுப் பாத்துடறேன்" என்றாள். முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அப்புறம் சொன்னதுதான் நிஜம். "அவர் கூட்டத்துக்குப் போற ராத்திரியெல்லாம் வீட்டுல நான் தனி, இழுப்பறைல அது கிடக்கும், உள்ள இருக்கா இல்லையான்னு பாக்கத் தெரியாமலே இத்தனை வருஷம் அதுக்குப் பக்கத்துல தூங்கியிருக்கேன், இனிமே முடியாது" என்றாள்.

இரண்டு பக்கப் பித்தான் உள்ள கனமான துப்பாக்கி வாங்கியாயிற்று. போன வியாழக்கிழமை சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள் எல்லாத் தோட்டாவையும் போட்டாள். நான் போடவில்லை.

கீழே அவளே எழுதுகிறாள்.

வெர்னா

லைல், வருவேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. முதலில் நீ யாரிடம் சொன்னாயோ அவர்களிடம் போய் மாற்றிச் சொல். அப்புறம் பார்க்கலாம். ஃபிரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிடாதே. – கோரா


பிட்டர் கிரீக்
1 ஜூலை 1993

அன்புள்ள அக்காவுக்கும் கோராவுக்கும்,

இருவரும் நலமென்று அறிந்து நிம்மதி. கழகக் கூட்டம் 13ஆம் தேதி செவ்வாய்க்கிழமை.  நான் விரட்டியவர்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள், பாதிரியார் உள்பட.

எனக்கு ஒரு யோசனை. இதை ஒரு பத்தியாக எழுதிவிடட்டுமா? கூட்டத்துக்கு வருபவர்கள் முப்பது பேர், பேப்பரை ஊரே படிக்கிறது. எல்லாரிடமும் சொன்னதாக ஆகும். ஆரம்ப வரிகூடக் கிடைத்துவிட்டது. நல்ல வரி.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

லைல்


(அஞ்சலட்டை)
6 ஜூலை 1993

எழுதாதே. எழுதினால் அழகாகிவிடும். எழுந்து நின்று வாயால் சொல். இங்கே எல்லாரும் சுகம்.

வெர்னா


பிட்டர் கிரீக்
20 ஜூலை 1993

அன்புள்ள அக்கா,

வைக்கோல் வேலை எப்படி? உதவிக்கு இருந்த ஆள் போனபின் கை ஒடிந்த மாதிரி இருக்கும். மன்னித்துக்கொள். அந்த ஆள் இங்கே எனக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

செவ்வாய்க்கிழமை தீயணைப்புக் கூடத்துப் பின்னறையில் கூட்டம். மேலங்கியை மடித்து, அதன் மேல் விசிலை வைத்து, கையில் கொண்டுபோனேன். மற்ற விஷயங்கள் முடிந்ததும் எழுந்தேன்.  நான்தான் சுட்டேன், கோரா வீட்டிலேயே இல்லை, ஸ்லைடை இழுத்துப் பார்க்கவில்லை, பொய் சொன்னேன், அதைப் பேப்பரிலும் எழுதினேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அதில் ஒரு வேடிக்கைகூட இல்லை. யாரும் சிரிக்கவில்லை. பாதிரியார் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்லோ பல் குத்தும் குச்சியை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, "முடிஞ்சுதா?" என்றான்.

"முடிஞ்சுது."

"அப்ப அந்தச் சட்டைய இப்படித் தள்ளு."

தள்ளினேன். உடனே கழிப்பறைக் கதவுக்கு என்ன நிறம் பூசுவது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பச்சையா பழுப்பா என்று அரை மணி நேரம். நான்கு மாதம் நெஞ்சில் வைத்திருந்ததைக் கொட்டியிருக்கிறேன், ஒரு கேள்விகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோரா வந்தாள். செவ்வாய்க்கிழமை நடந்ததை உனக்கு யார் சொன்னார்கள், தொலைபேசிச் சட்டத்தை நீ எப்போது மாற்றினாய் என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. நேரே சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றாள். பால் எடுக்கிற இடத்தில். ஓட்டையில் விரலை வைத்தாள். அப்புறம் தன்மேல் அது எங்கே வருகிறதென்று கையை வைத்துப் பார்த்தாள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. "பாரு" என்றாள். பார்த்தேன்.

அப்புறம் கையோடு கொண்டுவந்த பெட்டியைத் திறந்து தன் துப்பாக்கியை எடுத்தாள். மேகசினைக் கழற்றினாள், ஸ்லைடை இழுத்து நிறுத்தினாள், உள்ளே பார்த்தாள், சுண்டுவிரலை விட்டாள், திறந்தபடியே என்னிடம் நீட்டினாள். நானும் பார்த்தேன், விரலை விட்டேன். காலி. திருப்பிக் கொடுத்தேன். நான் பார்த்ததை அவள் பார்த்திருந்தாள், இருந்தும் மறுபடி பார்த்தாள்.

"இப்படித்தானே அடிக்கோடு போட்டிருந்த?"

"இப்படித்தான்."

அவள் துணிப்பை இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. இரண்டு நாளாயிற்று. நான் எடுத்துவரட்டுமா என்று கேட்கவில்லை. தினமும் காலையில் பால் எடுக்க நான்தான் எழுந்து போகிறேன். புது ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. பழையது அதன் பக்கத்திலேயே நிற்கிறது.

உன் முழங்காலைக் கவனித்துக்கொள். அவளைத் திருப்பி அனுப்பியதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உன் தம்பி,
லைல்

பி.கு.: கூட்டத்தைப் பற்றி எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். விட்டுவிடுவது என் பழக்கம். வெளியே வந்ததும் ஆர்லோவைப் பிடித்து, ஏன் யாருமே ஆச்சரியப்படவில்லை என்று கேட்டேன். அவன் என்னைப் பாவம் பார்ப்பதுபோலப் பார்த்தான். அந்தச் சனிக்கிழமை சாலையெல்லாம் பனிக்கட்டியாம். கோரா முடி வெட்டப் போகாமல் பாதியிலேயே திரும்பி, கூடத்தில் ஆள் குறைவாக இருக்கிறதென்று பான்கேக் சுடும் கல்லுக்கு முன்னால் நின்றிருக்கிறாள். காலை முழுக்க ஊருக்கே சுட்டுப் போட்டிருக்கிறாள். அன்று எங்கே இருந்தாய் என்று நான் அவளைக் கேட்டதேயில்லை. "அந்தத் தட்டக் குடுத்தனுப்புனது யாருன்னு நெனச்ச? லைலுக்கு முதுகு வலி, ஆறிப்போறதுக்குள்ள குடுத்துடுன்னு தாள் சுத்தி என் கைல குடுத்தா. நேரா உங்க வீட்டுக்குத்தான் வந்தேன்" என்றான்.

அவன் வந்தபோது அது இன்னும் சூடாக இருந்தது, அக்கா. கோராதான் சுட்டாள் என்று அவனுக்கு விவரித்துக்கொண்டே, நின்றபடியே, எல்லாவற்றையும் தின்றேன்.